கட்டைவிரலுக்கு ஊர் உண்டு

1

சொல் இல்லாத இசைக்குச் சாதி இல்லை என்கிறார்கள். பாட்டில் வார்த்தை இருந்தால்தானே அது யார் வாயிலிருந்து வந்தது என்று கேட்க முடியும். வெறும் கம்பியை மீட்டினால் அதில் ஊர் ஏது, சேரி ஏது என்பது அவர்கள் வாதம். சபாக்காரர்கள் இதைச் சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. நம்ம பிள்ளைகளும் சொல்கிறார்கள். அதனால்தான் இந்தக் கட்டுரை.

கிட்டாரில் ஃபிங்கர்ஸ்டைல் என்று ஒரு வாசிப்பு முறை இருக்கிறது. பிக் என்கிற சின்னத் தகட்டால் கம்பியைத் தட்டுவதில்லை, விரல்களே வாசிக்கின்றன. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் அடித்தாளத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கும். மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டைப் பேசும். ஒரே ஆள்தான். தாளக்காரனும் அவனே, பாட்டுக்காரனும் அவனே. கீபோர்டு வேண்டாம், டிரம்ஸ் வேண்டாம், குழு வேண்டாம். காசில்லாதவன் தனியாக நடத்திக்கொள்ளக்கூடிய கச்சேரி.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் இப்படி வாசிக்கிற பையன்கள் இருக்கிறார்கள். பகலில் எஸ்டேட்டில் ஒப்பந்த வேலை, டெலிவரி வேலை, கல்யாண மண்டபங்களில் மெல்லிசைக் குழுவோடு வாசிப்பு. ராத்திரியில் சொந்தமாக இசைத்துண்டுகள் அமைத்து வீட்டிலேயே பதிவு செய்கிறார்கள். எனக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. எஸ்டேட்டில் லேத்தில் நின்றவன் நான். சின்ன வயசில் பறை பிடித்தவன். அந்தக் காதோடுதான் இவற்றைக் கேட்கிறேன்.

இந்தப் பதிவுகளோடு ஒரு குறிப்பும் வரும். இந்த இசை எப்படிப் பிறந்தது, எது தூண்டியது என்று நாலு வரி, பெரும்பாலும் ஆங்கிலத்தில். மழை தூண்டியது, கடல் தூண்டியது, தனிமை தூண்டியது, நிலா தூண்டியது. கொரட்டூரில் ஏதுய்யா கடல்? கொரட்டூரில் இருப்பது ஏரி. அதில் கழிவுநீர் கலக்காதே என்று ஊர்ச்சனம் வருசக்கணக்கில் போராடியிருக்கிறது. அந்த ஏரிக்கரையில் குடியிருக்கிறவன் வாசிப்பில் கடல் வருகிறது, ஏரி வருவதில்லை. இது சின்ன விசயம் இல்லை. ஒரு படைப்பின் ஊற்று எது என்று எழுதுகிற அந்த நாலு வரி, அதன் பிறப்புச் சான்றிதழ். அதில் நாமே பொய் முகவரி எழுதிக்கொடுத்தால் நாளைக்கு அதை யார் வீட்டில் போய்த் தேடுவது?

நம்முடைய விமர்சனம் இதுவரை சொல்லைத்தான் பிடித்து வந்திருக்கிறது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. ராஜ் கௌதமன் பண்பாட்டை எப்படிக் கட்டுடைப்பது என்று எழுதிக் காட்டினார். கே.ஏ. குணசேகரன் மேடையில் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ பாடினால் கூட்டம் எழுந்து நின்றது. அங்கெல்லாம் வேலை செய்தது சொல். 2017இல் உருவாகி 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் முதல் நிகழ்ச்சியை நடத்திய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ பறையையும் கிட்டாரையும் ஒரே மேடையில் நிறுத்தியது. அது பெரிய காரியம். அங்கும் அரசியலைச் சுமந்தது பாட்டுவரிகள்தான். வரிகளை எடுத்துவிட்டால் மிச்சமிருக்கிற ஓசையை வைத்து நம்மால் பேச முடியுமா? பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் அந்த இடத்தை ‘சொல் இல்லாத இசைக்குச் சாதி இல்லை’ என்பவர்களிடம் சும்மா விட்டுக்கொடுத்தவர்கள் ஆவோம்.

2

இந்தக் கட்டைவிரல் எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம்.

ஐரோப்பியச் செவ்வியல் கிட்டாரின் விரல் வாசிப்பு ஒரு கிளை. எஃகுக் கம்பி கிட்டாரில், கட்டைவிரல் விடாமல் மாறி மாறி அடித்துக்கொண்டே போகிற கிளை வேறு. அது அமெரிக்கத் தென்மாநிலங்களில் கறுப்பின உழைப்பாளிகளின் கையில் வளர்ந்தது. கிட்டார் வகுப்புகளில் அதற்கு ‘ட்ராவிஸ் பிக்கிங்’ என்று பெயர். மெர்ல் ட்ராவிஸ், கென்டக்கி மாநிலத்து நிலக்கரிப் பகுதியில் பிறந்த வெள்ளைக் கலைஞர். அங்கிருந்த மூத்த வாசிப்பாளர்களிடம் கற்றவர். யாரிடம் கற்றேன் என்று அவர் சொல்லியே வந்தார். அவரைக் குறை சொல்ல வரவில்லை. அந்த மூத்தவர்களின் வாசிப்பைப் பின்னால் தேடிக்கொண்டே போனால் ஆர்னால்டு ஷுல்ட்ஸ் என்ற கறுப்பர் வந்து நிற்கிறார். 1886இல் பிறந்தவர், நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தவர், 1931இல் இறந்துபோனார். அவர் வாசிப்பு ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஏகலைவன் கதையில் துரோணர் கட்டைவிரலை வாய்திறந்து கேட்டு வாங்கினார். இங்கே யாரும் எதையும் கேட்கவில்லை. பதிவு செய்யாமல் விட்டதே போதுமானதாக இருந்தது.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற விவசாயக் கூலி 1928இல் ஓக்கே கம்பெனிக்குச் சில பாட்டுகள் பதிவு செய்தார். இசைத்தட்டுகள் விற்கவில்லை. மனுசன் திரும்பிப் போய் நிலத்தில் உழைத்தார். 35 வருசம் யாருக்கும் அவர் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாது. 1963இல் அவரை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? அந்தப் பழைய தட்டு ஒன்றில் தன் ஊர் அவலான் என்று அவர் பாடியிருந்தார். பழைய வரைபடத்தில் அந்த ஊரைத் தேடி எடுத்துப் போய்க் கேட்டார்கள். ஆள் அங்கேயே இருந்தார். அதே வருசம் நியூபோர்ட் நாட்டார் இசை விழாவில் வாசித்தார். 1966இல் இறந்தார். கடைசி மூன்று வருசமாவது உலகம் அவர் கட்டைவிரலைக் கேட்டது. காரணம் ஒரு ஊர்ப்பெயர். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பின்னால் இதற்குத்தான் வருகிறேன்.

மூன்றாவதாக எலிசபெத் காட்டன். வட கரோலினாவில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் வளர்ந்த கறுப்பினப் பெண். சின்னப் பிள்ளையிலேயே அடுத்தவர் வீட்டில் வேலை செய்து, சேர்த்த காசில் ஒரு கிட்டார் வாங்கினார். இடதுகைக்காரர். வலதுகைக்காரர்களுக்காகச் செய்த கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்தார். அதனால் எல்லோருக்கும் கட்டைவிரல் செய்கிற வேலையை அவருக்கு மற்ற விரல்கள் செய்தன. மெட்டைக் கட்டைவிரல் வாசித்தது. யாரும் சொல்லித்தராததால் பிறந்த முறை அது. இன்றைக்கு அவர் பெயராலேயே அந்த வாசிப்பை அழைக்கிறார்கள். பத்துப் பன்னிரண்டு வயசில், வீட்டுக்குப் பக்கத்தில் போகும் சரக்கு ரயிலைக் கேட்டு ‘ஃப்ரெய்ட் ட்ரெயின்’ என்ற பாட்டைக் கட்டினார். பிறகு, உலகப் பாட்டு வேண்டாம் என்று சபையில் சொன்னதால் கிட்டாரை வைத்துவிட்டார். கல்யாணம், பிள்ளை, வீட்டுவேலை என்று பல பத்து வருசம் ஓடியது.

வாஷிங்டனில் ஸீகர் என்கிற இசை ஆய்வாளர் குடும்பத்தில் வேலைக்காரியாக இருக்கும்போதுதான் அவர் மறுபடி கிட்டாரைத் தொட்டார். அந்த வீட்டுப் பெண் பெகி ஸீகர் இந்தப் பாட்டை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே வேறு இரண்டு பேர் அதைத் தங்கள் பெயரில் உரிமை எழுதிக்கொண்டார்கள். 1957இல் அது இங்கிலாந்தில் பெரிய ஹிட். பாட்டைப் பெற்றவர் வாஷிங்டனில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். உரிமையில் அவர் பெயர் பின்னால்தான் சேர்ந்தது. 1958இல் ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட அவருடைய முதல் இசைத்தட்டு எந்த ஸ்டுடியோவிலும் பதிவானது இல்லை. அந்த வீட்டுப் பையன் மைக் ஸீகர் டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய், படுக்கையறையில் பதிவு செய்தது. அறுபது வயசுக்கு மேல் வெளிவந்த முதல் தட்டு. 1985இல் கிராமி விருது, 1987இல் மரணம்.

வீட்டறையில் தனியாகப் பதிவு செய்கிற அம்பத்தூர்ப் பையனுக்கு முன்னோடி யார் என்று கேட்டால் இந்தக் கிழவியைத்தான் காட்டுவேன். அவர் பாட்டின் ஊற்று சரக்கு ரயில். அதை அவர் நிலா என்று மாற்றி எழுதவில்லை.

3

அந்தக் கிட்டார் நம்ம பக்கம் எப்படி வந்தது? மூன்று வழி சொல்லலாம். ரயில்வே, சர்ச், சினிமா.

பெரம்பூர் ரயில்வே பணிமனைகளைச் சுற்றி வாழ்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கொண்டாட்டங்களில் கிட்டார் இருந்தது. அங்கிருந்து அரக்கோணம் பாதையில் வில்லிவாக்கம், கொரட்டூர், அம்பத்தூர் என்று அது நகர்ந்தது. நம்ம பிள்ளைகளில் பலர் அதை முதலில் தொட்டது சர்ச்சில். கோயில் வாசலில் பறையை நிறுத்தியவர்களின் தெருவிலிருந்து போன பிள்ளை, சபையில் கிட்டாரோடு முன்வரிசையில் உட்கார்ந்தான். அது விடுதலைதான், மறுக்க முடியாது. ஆனால் ஆராதனைக்கு மட்டும் வாசி என்ற கட்டளையும் சில இடங்களில் கூடவே வந்தது. காட்டனுக்கு அவர் சபை சொன்னதும் அதே கட்டளை. இதற்கு நேர்மாறாக, மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம சனங்க பரட்டை அண்ணன் என்று கூப்பிட்டவர், 2005இல் இறக்கும்வரை நாட்டார் மெட்டுகளையும் பறையையும் வழிபாட்டுக்குள்ளேயே கொண்டுவந்தார். தீட்டு என்று ஒதுக்கிய ஓசையைப் பலிபீடத்துக்கு முன்னால் நிறுத்தியவர். அந்த வழி நம்ம கிட்டார்ப் பையன்களை இன்னும் எட்டவில்லை.

மூன்றாவது சினிமா. தமிழ்நாட்டில் விரலால் கிட்டார் கற்கிற எவனும் முதலில் முயற்சிப்பது 1982இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படத்தின் ‘இளைய நிலா’. விரல் வாசிப்புக்கு நம்ம நாட்டு அரிச்சுவடி அதுதான். இசையமைத்தவர் இளையராஜா என்று குழந்தைக்கும் தெரியும். கிட்டார் வாசித்தவர் சந்திரசேகர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கேசட் அட்டையில் பாடியவர் பெயர் வரும், எழுதியவர் பெயர் வரும், வாசித்தவர் பெயர் வராது. தலைமுறை தலைமுறையாக ஒரு விரலைப் பார்த்துப் பழகியிருக்கிறோம், அந்த விரலுக்குரிய முகத்தைத் தெரியாமல்.

இளையராஜாவே கிட்டார்காரராக இருந்தவர்தான். பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்டு மேடைகளில் வாசித்து, 1968இல் சென்னைக்கு வந்து, தன்ராஜ் மாஸ்டரிடம் கற்று, செவ்வியல் கிட்டாரில் லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வில் தங்கப் பதக்கம் வாங்கினார். 1976இல் ‘அன்னக்கிளி’ வருவதற்கு முன் மற்றவர்களின் ஒலிப்பதிவுகளில் கூலிக்குக் கிட்டார் வாசித்தார். அன்றைக்கு அவர் வாசித்தவை எந்தெந்தப் பாட்டுக்குள் கிடக்கின்றன என்று எந்த அட்டையும் சொல்லாது. அவ்வளவு பெரிய மனுசனுக்கே நிலை இது.

4

பெயர் போடாதது அட்டை அச்சடித்தவனின் கஞ்சத்தனம் மட்டும் என்று நினைக்காதீர்கள். சட்டமும் கூட நின்றது. 1957ஆம் வருசத்துப் பதிப்புரிமைச் சட்டம் இசைப்படைப்பு என்று எதைச் சொன்னது? அச்சிட்ட, எழுதிய, ஏதாவது ஒரு வகையில் வரிவடிவமாக்கிய இசையை. ஏட்டில் ஏறாத இசை அந்த வரையறைக்குள் வராது. 1994இல் திருத்தம் கொண்டுவந்த பிறகுதான் எழுதி வைக்காவிட்டாலும் இசை இசைதான் என்று ஆனது. 37 வருசம், சுதந்திர நாட்டின் சட்டப் புத்தகத்தில், எழுத்தறியாத கைகள் உருவாக்கிய எந்த இசையும் இசைப்படைப்பு இல்லை. பள்ளிக்கூடத்துக்குள் விடாதே, பிறகு எழுதி வைத்தாயா என்று கேள். மனுதர்மத்துக்கு எத்தனை வாரிசுகள் பாருங்கள்.

2012 திருத்தம் வாசிப்பவனுக்கும் தன் பெயரைக் கேட்கிற உரிமையைச் சட்டத்தில் எழுதியது. இன்றைக்கு அம்பத்தூரில் ஒரு பையன் ராத்திரி ஒரு மணிக்குப் புதிதாக ஒன்றை அமைத்துக் கைப்பேசியில் பதிந்தால், அந்தக் கணத்திலிருந்து அது அவனுடையது. எங்கும் போய்ப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம்கூட இல்லை. அவன் உயிரோடு இருக்கும்வரையும், அதன் பிறகு 60 வருசமும் உரிமை நிற்கும். சட்டம் கடைசியில் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவுக்குள்ளே போய் ஏட்டில் ‘மழை’ என்று எழுதிவிட்டு வருகிறான் நம்ம ஆள்.

5

அப்படி ஒரு தம்பியின் ஆறு இசைத்துண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம். அண்ணனூருக்கும் ஆவடிக்கும் நடுவில் ஒற்றை அறை வீடு. ஒரு பிரஸ் ஷாப்பில் ஒப்பந்தத் தொழிலாளி.

முதல் மூன்று துண்டுகளும் கைவித்தை. கம்பிகளை வேறு சுருதிக்கு இறக்கி, இரண்டு கையாலும் தட்டி, கிட்டாரின் உடம்பில் மொத்தி, வெளிநாட்டு வாசிப்பாளர்கள் செய்வதையெல்லாம் செய்கிறான். சுத்தமாகச் செய்கிறான். கேட்டு முடித்ததும் ஒன்றும் மிஞ்சவில்லை. பரீட்சையில் தேறிய பிள்ளையின் விடைத்தாள் மாதிரி இருக்கிறது. நம்ம பிள்ளைகளுக்கு இந்த வியாதி வருவது ஏன் என்று தெரியும். இரண்டு மடங்கு வாசித்துக் காட்டினால்தான் பாதி மரியாதை கிடைக்கும் என்று வளர்ந்தவர்கள்.

நாலாவது துண்டு வேறு. சுருதியை மாற்றவில்லை, சாதாரணக் கட்டு. கட்டைவிரல் தடித்த கம்பியில் விழுகிறது, உடனே மெல்லிய கம்பியில் சுட்டுவிரல் ஒரு துடிப்புப் பிந்தி வருகிறது. மறுபடி, மறுபடி. ஆறு ஆறாக எண்ணினால் சரியாக நிற்கிறது. ட்ராவிஸ் வழி வந்த கட்டைவிரல் இப்படி நடக்காது. அது ஒன்று, இரண்டு என்று ரயில்வண்டி மாதிரி நேராகப் போகும். இது தள்ளாடுகிறது, தூக்கிப்போட்டுப் பிடிக்கிறது. பறை பிடித்தவனுக்கு ஒரு நொடி போதும். வலதுகை அடிக்குச்சி கட்டைவிரலாகியிருக்கிறது. இடதுகைச் சுண்டுகுச்சி சுட்டுவிரலாகியிருக்கிறது. நம்ம தெருவில் பிணம் எடுக்கும்போது அடிக்கிற அடி அது. மேலே மெட்டு மெதுவாக, அழுது ஓய்ந்த பொம்பளை பேசுவது போல நாலே சுரத்தில் போகிறது. அசந்துபோனேன். துண்டின் பெயர் ‘மழை’. குறிப்பில் ஜன்னல் ஓரம் மழை பார்த்த அனுபவம் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறான். அந்த வீட்டில் ஜன்னலே கிடையாது.

“இது சாவு மோளம்தானே தம்பி?” என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. “ஆமாண்ணா. எங்க தாத்தா செத்தப்போ ராத்திரி பூரா அடிச்சாங்க. அது கையிலேயே நின்னுச்சு” என்றான்.

“அதை எழுத வேண்டியதுதானே?”

“எழுதுனா இன்னா ஆவும் தெரியுமாண்ணா? நான் வாசிக்கிறத எவனும் கேக்க மாட்டான். என்ன சாதின்னுதான் கேப்பான். உங்களுக்குக் கட்டுரை எழுதணும். எனக்கு வாசிக்கணும்.”

இந்தப் பதிலை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு வருகிறேன். அதற்கு முன் பதிவைப் பற்றி இரண்டு விசயம்.

ஒன்று நகம். பாடப்புத்தக விரல் வாசிப்பில் வலதுகை நகத்தை வளர்த்து, தேய்த்து, பளபளப்பாக்கி வைக்கச் சொல்வார்கள். ஓசை கண்ணாடி போல் வரும். எண்ணெயிலும் தகட்டு விளிம்பிலும் எட்டு மணிநேரம் கிடக்கிற கையில் நகம் எங்கே நிற்கும்? இந்தத் தம்பி சதையால் வாசிக்கிறான். ஓசை தடித்து, கொஞ்சம் மங்கலாக வருகிறது. அதைக் குறை என்று நினைத்து மிக்ஸிங்கில் கூர்மை ஏற்றி, போலி நகம் முளைக்க வைத்திருக்கிறான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய கிட்டார் ஆசிரியர் ஃபெர்னாண்டோ ஸோர் நகம் கூடாது என்றே சொன்னவர். அவர் சதையால் வாசித்தால் அது கொள்கை, பிரஸ் ஷாப் தொழிலாளி சதையால் வாசித்தால் அது குறையா? பிரஸ்ஸில் விரல் போவது என்றால் என்ன என்று எஸ்டேட்டில் நின்ற எல்லோருக்கும் தெரியும். இங்கிலாந்தின் பர்மிங்காமில் டோனி அயோமி என்ற பையனுக்கு 17 வயசில் தகட்டுத் தொழிற்சாலையில் இரண்டு விரல் நுனிகள் போயின. பிளாஸ்டிக்கை உருக்கித் தொப்பி செய்து விரலில் மாட்டிக்கொண்டு வாசித்தார். ‘பிளாக் சபாத்’ குழுவின் கனமான ஓசை அந்தக் கையிலிருந்து வந்தது. வேலை செய்த கை வேலை செய்த கை மாதிரிதான் ஒலிக்கும். ஒலிக்கட்டுமே.

இன்னொன்று சத்தம். நிசப்தம் என்பது சொத்து. ஸ்டுடியோக்காரன் சுவருக்குப் பஞ்சு அடைத்து அதை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறான். ஒற்றை அறை வீட்டில் குக்கர் விசில் உண்டு, தண்ணி லாரி உண்டு, அடுத்த வீட்டு டிவி உண்டு. அதனால்தான் இந்தப் பிள்ளைகள் கடைசி ரயில் போன பிறகு பதிவு செய்கிறார்கள். நாலாவது துண்டின் நடுவில் தூரத்தில் ஒரு சரக்கு ரயில் போகிறது. அதை மென்பொருள் வைத்துச் சுரண்டிச் சுரண்டி எடுத்திருக்கிறான். அந்த இடத்தில் கிட்டாரின் அடிஓசையும் சேர்ந்து செத்துக்கிடக்கிறது. ஏழ்மைக்கு அழகியல் பூசச் சொல்லவில்லை நான். நல்ல மைக்கும் நல்ல அறையும் நம்ம பிள்ளைகளுக்கு வேண்டும், அதற்குச் சண்டை போடுவோம். இருக்கிற ஓசையைக் குற்றமாக நினைத்துக் கழுவுகிற மனசைத்தான் சொல்கிறேன். தீட்டுக் கழிக்கிற வேலையை அவனே அவன் இசைக்குச் செய்கிறான்.

6

இப்போது தம்பியின் பதிலுக்கு வருவோம். ‘என்ன சாதின்னுதான் கேப்பான்.’

உண்மை. தலித் வாசித்தால் அதை இசையாகக் கேட்காமல் வாக்குமூலமாகக் கேட்கிற பழக்கம் இந்த நாட்டில் இருக்கிறது. முற்போக்குக்காரர்களிடமும் இருக்கிறது. நம்ம பத்திரிகைகளிலும் இருக்கிறது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. மற்றவன் வாசித்தால் சுருதி, லயம், கற்பனை என்று பேசுகிறவர்கள், நம்மவன் வாசித்தால் வலி, கோபம், எதிர்ப்பு என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சந்தோசமாக ஒரு துண்டு வாசிக்க, சும்மா விளையாட, யாருக்கும் கணக்குச் சொல்லாமல் இருக்க அவனுக்கு உரிமை இல்லையா? உண்டு. இளையராஜா தன்னைச் சாதி அடையாளத்தோடு சேர்த்துப் பேசுவதை விரும்பியதில்லை. அதற்காக அவரை நம்மில் சிலர் ஏசினார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேர மாட்டேன். ஒரு மனுசனின் முகவரியை அவனுக்குப் பதிலாக மற்றவன் எழுதுவது, எழுதுகிறவன் தோழராக இருந்தாலும், வன்முறைதான்.

ஆனாலும் இரண்டு விசயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். நீ யார் என்று சொல்லாமலிருப்பது உன் உரிமை. அந்த அடி எங்கிருந்து வந்தது என்பது உன்னோடு முடிகிற விசயம் இல்லை. அதற்கு உன் தாத்தாவின் சாவு இருக்கிறது. அந்த ராத்திரி முழுக்கக் கை வீங்க அடித்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யாரும் பெயர் போட்டதில்லை. 1957 சட்டம் அவர்களை எண்ணவில்லை, கேசட் அட்டை எண்ணவில்லை. உன் குறிப்பும் எண்ணாவிட்டால் ஆர்னால்டு ஷுல்ட்ஸுக்கு நடந்ததை இரண்டாவது தடவை நீயே நடத்துகிறாய், அதுவும் உன் தெருக்காரர்களுக்கு. நாளைக்கு வேறு ஒருவன், நல்ல நகமும் நல்ல அறையும் உள்ளவன், இந்த ஆறு எண்ணுகிற கட்டைவிரலைக் கற்றுக்கொள்வான். அதற்குத் தன் பெயரைச் சூட்டுவான். அப்போது ‘இது எங்க தெரு அடி’ என்று சொல்ல உன்னிடம் என்ன ஆதாரம் இருக்கும்? ‘மழை’ என்று நீயே எழுதிய தாள் இருக்கும்.

சாதிப் பெயரை எழுது என்று யாரையும் கேட்கவில்லை. ஜான் ஹர்ட் எழுதினாரா? தன் ஊர்ப்பெயரைப் பாடினார், அவ்வளவுதான். எலிசபெத் காட்டன் தன் நிறத்தை எழுதினாரா? சரக்கு ரயில் என்றார். கேட்கத் தெரிந்தவன் அங்கிருந்து நூல் பிடித்து வந்து சேர்ந்தான். அதிகாரம் கேட்கிற அடையாளம் வேறு, நாமாகக் கொடுக்கிற முகவரி வேறு. முன்னது சாதிச் சான்றிதழ் வரிசை. பின்னது வீட்டுக்கு வழி சொல்வது.

7

ஆகவே இந்தப் பக்கத்தில் தனியாகக் கிட்டார் வாசித்துப் பதிவு செய்கிற தம்பி தங்கைகளுக்கு விமர்சகனாக நான் கேட்பது கொஞ்சம்தான்.

துண்டின் கீழே எழுதுகிற நாலு வரியில் முதல் வரியாக ஊரையும் வருசத்தையும் போடுங்கள். பட்டரவாக்கம் என்றால் பட்டரவாக்கம், திருமுல்லைவாயில் என்றால் திருமுல்லைவாயில். இரண்டாவது வரியில் கட்டைவிரலின் அடி எது, அதை எங்கே கேட்டீர்கள் என்று சொல்லுங்கள்: சர்ச் பாட்டா, கல்யாண பேண்டா, சாவு மோளமா, லேத்தின் சுழற்சியா, எலெக்ட்ரிக் ரயில் தண்டவாளம் தாண்டுகிற சத்தமா. மூன்றாவதில் கற்றுக்கொடுத்தவர் பெயர், அவர் சம்மதித்தால். நாலாவதில் வாசித்தவர் பெயர். அதைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலமும் வேண்டுமானால் பக்கத்தில் போடுங்கள். அதற்குப் பிறகு மழையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் எழுதலாம். மழை நம்ம தெருவிலும் பெய்கிறது. 2015 டிசம்பரில் எப்படிப் பெய்தது என்று இந்த ஊருக்குத் தெரியும். அந்த மழையை வாசித்தால் அது வேறு மழையாகத்தான் இருக்கும்.

நம்ம விமர்சகர்களுக்கும் ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைகளின் வாசிப்பைக் கேட்டால் உடனே வலி என்று எழுதாதீர்கள். கட்டைவிரல் எங்கே விழுகிறது, சுட்டுவிரல் எவ்வளவு பிந்துகிறது என்று எண்ணிப் பாருங்கள். அடிக்குச்சியைப் பிடித்த ஆட்கள் நம் நடுவில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். எந்த அடிக்கு எந்த ஊரில் என்ன பெயர் என்று அவர்களுக்குத் தெரியும். அதை எழுதி வையுங்கள். இசை விமர்சனம் என்றால் சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்து தொடையில் தாளம் போடுகிறவர்களின் வேலை என்று இருந்தது போதும்.

மொழி இல்லாத இசைக்கும் சாட்சி சொல்லத் தெரியும். எந்த ஊர்ச் சாட்சி என்று கேட்டால் பதில் எழுதி வைத்திருக்க வேண்டும். ஆவடி யார்டில் சரக்கு ரயில் இன்றைக்கு ராத்திரியும் போகும். யாராவது ஒரு பிள்ளை மைக்கை நிறுத்தாமல் வாசிக்கட்டும்.